கொக்குகளின் மேல் ஓடியவர்கள்

டிசம்பர் 6

அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன். மூக்கு மட்டும் பாதி வழியிலேயே உறைந்துபோய் இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் விட்டதா? என் வாண்டு என்ன செய்கிறாள்? இதற்கெல்லாம் பதில் எழுதாமல் ஆஸ்பத்திரிக் கதையை மட்டும் நீட்டி முழக்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நான் இருக்கும் இடம் ஒரு பெரிய ஏரி. பெயருக்குத்தான் ஏரி, தண்ணீர் முழங்கால் அளவுதான். கரையெல்லாம் நாணல், அதைத் தாண்டி அறுவடை முடிந்த வயல்கள். பழைய பம்ப் ஷெட் ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாதியில் என் கட்டில், மீதியில் படம் கழுவும் இருட்டறை. கட்டிலில் படுத்தால் மருந்து வாடை, எழுந்தால் மண்ணெண்ணெய் வாடை.

கொக்கு என்றதும் வாய்க்கால் ஓரம் நிற்கிற வெள்ளைக் கொக்கை நினைக்காதே. இது பெருங்கொக்கு. சாம்பல் நிறம், என் நெஞ்சு உயரம். கத்தினால் காது கிழிகிறது. குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து வந்து இறங்குகின்றன. ராத்திரி தண்ணீரில் நின்றபடியே தூங்கிவிட்டு, விடிந்ததும் வயலுக்கு இரை தேடிப் பறக்கும். அப்படிக் கிளம்பும்போது நான் மரக் கோபுரத்தின் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். படத்தை வைத்து எண்ணுவார்கள். எங்கள் கணக்கெடுப்புத் தலைவர் சாப்பிடும்போதுகூடக் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றுவதில்லை. அதனால் அவர் பெயரே பைனாகுலர் ஐயா ஆகிவிட்டது.

வாண்டுக்கு விடுமுறை முடிவதற்குள் வந்து எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பாலில் ஆடை மிதந்தால் குடிக்க மாட்டாள். தலை வாரும்போது கத்துவாள், பாதி நடிப்பு. அவள் அப்பா வேறு குடித்தனம் தேடிக்கொண்டு போனதிலிருந்து அவளை நான் பிரிந்து இருந்ததே இல்லை. பஸ் கிளம்பியபோது அவள் அழவில்லை, கவனித்தாயா? அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அது எனக்கு நிம்மதியா கஷ்டமா என்று இன்னும் பிடிபடவில்லை.

அண்ணிக்கு என் அன்பு. வாண்டுக்கு முத்தம். நீயே கொடுத்துவிடு, மீசை குத்தாமல்.

தங்கை


டிசம்பர் 17

அன்புத் தங்கைக்கு,

உன் கேள்விகளுக்கே முதலில் பதில். முதுகு அப்படியேதான் இருக்கிறது. இருமல் விட்டது. வாண்டு என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை முக்காலிக்கு மாற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் கதை வேண்டாம் என்றாய். ஒன்றே ஒன்று. நேற்று எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வந்தவர், "மூச்சைப் பிடிச்சுக்கோங்க"ன்னு நான் சொன்னதும் பிடித்தார். நான் "விடலாம்" என்று சொல்ல மறந்து போனில் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மனுஷர் முகம் கத்தரிக்காய் நிறம். வாண்டிடம் இதைச் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் எக்ஸ்ரே நடக்கிறது. உன் அண்ணிக்குச் சமையலறையிலேயே எடுத்து, "உங்களுக்கு நெஞ்சுக்குள்ள ஒரு கரண்டி இருக்கு"ன்னு சொல்லிவிட்டாள். உன் அண்ணி இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்த வீடு இது. இப்போது சத்தம் தாங்கவில்லை. தாங்கவில்லை என்றால், நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

என்றைக்கு வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது. நான் லீவு சொல்ல வேண்டும். உன் அண்ணி வாண்டின் துணிகளையெல்லாம் துவைத்துத் தயாராக வைத்திருக்கிறாள்.

குளிரில் காதை மூடிக்கொண்டு நட. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


டிசம்பர் 30

அண்ணனுக்கு,

மூக்கு திரும்பி வந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் சௌக்கியம்தானே?

திட்டாமல் படி. பள்ளி திறக்கும் நேரத்துக்கு என்னால் வர முடியாது. கொக்குகள் இந்த வருஷம் தாமதம். பாதிக் கூட்டம்தான் வந்திருக்கிறது, மீதி வழியிலேயே எங்கோ இறங்கி நிற்கிறதாம். "இப்ப நீங்க கிளம்பினா நான் யாரைக் கோபுரத்துல ஏத்துறது, என் தலையிலயா?" என்று பைனாகுலர் ஐயா கேட்கிறார். ஜனவரி கடைசியில் நிச்சயம் வந்துவிடுகிறேன். பள்ளித் தலைமை ஆசிரியைக்கு எழுதிவிட்டேன். அதுவரை பாடத்தை வீட்டிலேயே சொல்லிக்கொடு, கணக்கில்தான் அவள் வழுக்குவாள்.

உனக்கு இதெல்லாம் பைத்தியம் என்று தோன்றும். ஒரு நாள் என்னோடு கோபுரத்தில் உட்கார்ந்து பார். முதலில் ஒன்றும் தெரியாது, பனி மட்டும். அதற்குள்ளிருந்து ஒரு கொக்கு கூப்பிடும், இன்னொன்று பதில் சொல்லும். கொஞ்ச நேரத்தில் ஏரி முழுக்கப் பேச்சு. பனி விலகும்போது பார்த்தால் தண்ணீரே தெரியாது, அத்தனையும் கொக்கு. அப்பா, அம்மா, நடுவில் பழுப்புத் தலையோடு ஒரு குஞ்சு, குளிர்காலம் முழுக்க இப்படித்தான் சேர்ந்தே திரியும். அவை எழும்பும்போது நானும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிடுகிறேன். அண்ணா, எனக்கு எந்த ஊரிலும் கால் தரிக்காது என்று நீதானே சொல்வாய். இங்கே தரிக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

வாண்டு என்னைக் கேட்கிறாளா? உண்மையை எழுது.

தங்கை


ஜனவரி 19

தங்கைக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் புது மெஷின் வந்திருக்கிறது, அது வேலை செய்வதைவிட நாங்கள் அதற்குச் செய்யும் வேலைதான் அதிகம்.

வாண்டு நன்றாக இருக்கிறாள். பாடம் நடக்கிறது. இப்போதெல்லாம் சீக்கிரம் எழுந்துவிடுகிறாள். உயரம் கூடியிருக்கிறது. உன்னைக் கேட்கிறாள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜனவரி 28

அண்ணனுக்கு,

என்ன கடிதம் அது? தந்தி மாதிரி. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணியைப் பற்றி ஒரு வரி இல்லை. நடுவில் ஒரு வரியை எழுதி, எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாதபடி அடித்து வைத்திருக்கிறாய். எல்லாவற்றுக்கும் மேலே, நான் எப்போது வருகிறேன் என்று நீ கேட்கவே இல்லை. போன கடிதத்தில் லீவு சொல்ல வேண்டும் என்று பறந்தவன், இந்தத் தடவை ஏன் கேட்கவில்லை?

இரு, கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு நல்ல செய்தி சொல்கிறேன். மீதிக் கூட்டமும் வந்துவிட்டது. இந்த வாரம் ஒரு காலை, ஏரியில் இருந்த அத்தனை கொக்கும் ஒரே நேரத்தில் எழும்பின. எப்போதும் பிரிந்து பிரிந்துதான் கிளம்பும். அன்று நாணலுக்குள் ஒரு நரி வந்ததா, என்னவோ. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விடாமல் எடுத்தேன், ஒரே சுருள் முழுக்க. விரல் விறைத்து ஷட்டரை அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. கோபுரத்தில் நின்று ஓவென்று கத்தினேன். ஐயா கீழிருந்து, "எடுத்தாச்சா? எடுத்தாச்சா?" என்று பைனாகுலரோடு குதித்தார். இந்த ஒரு சுருள் போதும், கணக்கு முடிந்த மாதிரிதான்.

அதனால்தான் ஐயா கேட்டார், நிரந்தரமாக இங்கேயே வேலைக்கு இருக்க முடியுமா என்று. வருஷம் முழுக்க. குடியிருக்க இரண்டு அறை தருவார்கள். நான் சரி என்று சொல்லப் போகிறேன். பிப்ரவரி கடைசியில் வந்து வாண்டைக் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவேன்.

அதுவரை அவள் முகம் எனக்கு வேண்டும். என் பழைய கேமரா அவளிடம்தானே இருக்கிறது? சுருள்கள் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஃபிலிமின் நுனி நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கு நேராக இருந்தால் புதுச் சுருள். படம் எடுத்து முடித்ததும் நுனியை மடித்துவிடு. எங்கள் ஷெட்டில் இதுதான் சட்டம். உன் ஆஸ்பத்திரி மருந்தில் கழுவித் தொலைக்காதே, அப்படியே அனுப்பு. அவள் முகம் மருந்துத் தட்டில் எழுந்து வருவதை நான் பார்க்க வேண்டும்.

தங்கை


பிப்ரவரி 15

தங்கைக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

கேட்டபடி ஒரு சுருள் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வாண்டு சாப்பிடுவது, தூங்குவது, மாடியில் நிற்பது எல்லாம் இருக்கிறது. பார்சலை உன் அண்ணி கட்டியிருக்கிறாள், ஒரு கம்பளிக் குல்லாவும் வைத்திருக்கிறாள்.

வேலை கிடைத்தது சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அங்கே பள்ளிக்கூடம் உண்டா? விளையாட ஒரு பிள்ளை உண்டா? நீ விடியுமுன் கோபுரத்தில் ஏறிவிட்டால் அவளுக்கு யார் தலை வாருவது? கொக்கா? நீ எழுதிய பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். கொக்கு எப்படித் தூங்குகிறது என்று இருக்கிறது. வாண்டு அங்கே எங்கே தூங்குவாள் என்று இல்லை.

கோபித்துக்கொள்ளாதே. யோசி.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனசு இல்லை.

ஒரு சுருள் அனுப்பியதாக எழுதியிருந்தாய். பார்சலில் இரண்டு இருந்தன. ஒன்றில் நீ சொன்னதெல்லாம் இருந்தது. மாடி, சாப்பாடு, தூக்கம். சந்தோஷமாக ஒட்டி வைத்தேன். இரண்டாவதைக் கழுவினேன். ஃபிலிம் கறுப்பாக, ஒன்றும் புரியாமல் வந்தது. மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மனசு கேட்காமல் ஒரு படத்தைத் தாளில் போட்டுத் தட்டில் இறக்கினேன்.

முதலில் இறக்கைகள் வந்தன. என் கொக்குகள். அந்தக் காலை. அந்தச் சுருளைக் காணோம் என்று வாரக்கணக்காக ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறேன். ஐயா தொலைத்துவிட்டார் என்று அவர் முகத்துக்கு நேரே கத்தியதில் நாங்கள் இப்போது பேசிக்கொள்வதில்லை. அது உன் வீட்டில் இருந்திருக்கிறது. விறைத்த கையோடு நான் நாக்கை மடிக்காமல் விட்டிருக்கிறேன், புதுசு என்று நினைத்து உனக்கே அனுப்பியிருக்கிறேன், நீ அதன் மேலேயே இன்னொரு முறை எடுத்திருக்கிறாய். சரி, அது என் தலையெழுத்து. இந்தக் குளிர்காலத்தின் கணக்கே போயிற்று.

ஆனால் தட்டில் படம் அதோடு நிற்கவில்லை. கீழ்ப்பாதியில் ஏரி இருட்டாக இருந்த இடத்தில் ஒரு மைதானம் எழுந்து வந்தது. கயிறு கட்டியிருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் சீருடையில். நடுவில் வாண்டு, அவளும் சீருடையில். அவள் ஒரு காலும் அண்ணியின் ஒரு காலும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு, கொக்குகளுக்கு அடியில் ஓடி வருகிறார்கள். பின்னால் துணியில் எழுதியிருக்கிறது: அம்மாவும் பிள்ளையும்.

எப்போது அவளை அங்கே பள்ளியில் சேர்த்தாய்? யாரைக் கேட்டுச் சேர்த்தாய்? "பாடம் நடக்கிறது" என்று எழுதினாயே, எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறாய்! அவள் என் பிள்ளை, அண்ணா. நான் செத்துப் போகவில்லை. கொக்கு எடுக்கத்தான் போயிருக்கிறேன்.

அடுத்த வாரம் வருகிறேன். அவள் துணிமணியை எடுத்து வை.


மார்ச் 4

தங்கைக்கு,

நீ நலமா என்று கேட்டால் எரிச்சல்படுவாய். ஆனாலும் கேட்கிறேன்.

அந்தச் சுருள் பார்சலுக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நான் அலமாரி மேல் தட்டில் வைத்திருந்தேன். உனக்குக் காட்டக் கூடாது என்றுதான் வைத்தேன். ஒப்புக்கொள்கிறேன். உன் கொக்குகளைப் பாழாக்கியது தெரியாமல் செய்தது, அதற்கு என்னை மன்னித்துவிடு. மற்றதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஜனவரியில் தெருப் பிள்ளைகளெல்லாம் பையை மாட்டிக்கொண்டு போனார்கள். இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் இல்லை, தினமும். "மாமா, நான் மட்டும் ஏன் வீட்ல இருக்கேன்? நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணி, "நான்தான்" என்றாள். நான் மறுக்கவில்லை. அதைத்தான் உனக்கு எழுதி, எழுதி, அடித்தேன்.

நீ வந்து கூட்டிக்கொண்டு போகலாம். யாரும் தடுக்க முடியாது, எனக்கு அது தெரியும். ஆனால் பரீட்சை நெருங்குகிறது. அவளுக்கு இங்கே தோழிகள் இருக்கிறார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூட்டிப் போ. சாமான் மாதிரித் தூக்கிக்கொண்டு போகாதே.

அண்ணன்


மார்ச் 16

தங்கைக்கு அண்ணி எழுதுவது.

நான் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லாதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். குல்லா அளவு சரியாக இருந்ததா? உனக்கு அங்கே சுடுதண்ணீராவது கிடைக்கிறதா?

அந்தச் சுருளைப் பார்சலில் வைத்தது நான். உன் அண்ணனுக்கு இன்னும் தெரியாது. அதில் கொக்கு இருந்தது எனக்குத் தெரியாது, ஓட்டம் இருந்தது தெரியும். நீ பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். அன்றைக்கு ஓடி முடித்ததும் காலில் கட்டியிருந்த துணியை அவிழ்க்க எனக்கு மனசே வரவில்லை. எல்லோரும் அவிழ்த்துவிட்டார்கள். நான் முடிச்சு இறுகிவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்தவர் பிள்ளைமேல் இப்படி ஆசை வைக்கக் கூடாது, தெரியும். இன்னும் கொஞ்ச நாள் போனால் நான் கொடுக்க மாட்டேன். நீ வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன், சண்டை போடுவேன். அதற்கு முன்னால் நீ வந்துவிட வேண்டும் என்றுதான் வைத்தேன்.

அடுத்த வாரம் என்று எழுதினாய். நீ வரவில்லை. கொக்கு கிளம்பும் நேரம், நீ பார்க்க வேண்டும், புரிகிறது. ஆனால் நான் நல்லவள் என்று ரொம்ப நம்பாதே.

வாண்டும் ஒரு தாள் எழுதி ஒட்டித் தந்திருக்கிறாள். பிரிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். பிரிக்கவில்லை.

அண்ணி


அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா. உன் மூக்கு நல்லா இருக்கா.

நீ அடுத்த வாரம் வர்றேன்னு எழுதினே. அந்த வாரம் முடிஞ்சு போச்சு. நீ வர்றேன்னு எழுதினா அத்தை என் துணியெல்லாம் மடிச்சுப் பெட்டியில வைப்பாங்க. அப்ப பேசவே மாட்டாங்க. நீ வரமாட்டே. அப்புறம் எல்லாத்தையும் எடுத்து மறுபடி அலமாரியில அடுக்குவாங்க. அப்ப பாட்டுப் பாடுவாங்க. எனக்கு ரெண்டும் பிடிக்கலை.

டீச்சர் எல்லாரோட அம்மாவும் என்ன வேலைன்னு கேட்டாங்க. எங்கம்மா கொக்கு எண்ணுறாங்கன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் அடிச்சேன். ஒருத்தியை மட்டும்தான். அப்புறம் ராசி ஆயிட்டோம்.

இனிமே வர்றேன்னு எழுதாதே. வந்தா வா.

வாண்டு


ஏப்ரல் 5

மதிப்புக்குரிய பைனாகுலர் ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கோபுரப் படியில் இரண்டாவது பலகை ஆடுகிறது, ஏறும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நான் சுகம்.

உங்களிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் லாரியில் ஏறிவிட்டேன். கூட்டம் கிளம்ப இன்னும் நாள் இருந்தது, அந்தக் கடைசிக் காலையை எடுத்திருந்தால் கணக்கையும் ஓரளவு மீட்டிருக்கலாம். எல்லாம் தெரிந்தேதான் ஏறினேன். சுருள் விஷயத்தில் உங்கள் மேல் அநியாயமாகக் கத்தினேன், மன்னிக்க வேண்டும். நீங்கள் பதிலுக்குக் கத்தியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிரந்தர வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுத நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சுருள் கழுவி முடித்திருப்பேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் வந்து நின்றபோது அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த ஈரத் துணியோடு அப்படியே நின்றார். அது என் பெண்ணின் சீருடை. பிறகு அவர், "சாப்பிட்டியா?" என்றார். நான் இல்லை என்றேன். சாப்பாடு போட்டுவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை இறக்கி, அவள் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் போய்ப் பெட்டியை மூடினேன். "அண்ணி, நான் அவளைக் கூட்டிட்டுப் போக வரலை. இருக்க வந்திருக்கேன்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்?

சாயங்காலம் என் பெண் பள்ளியிலிருந்து வந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கட்டிக்கொள்ளவில்லை. தள்ளியே நின்று என் கேமராப் பையைப் பார்த்தாள். "எத்தனை நாளு?" என்று கேட்டாள். ஐயா, கொக்கு இறக்கை அடித்த காற்று முகத்தில் மோதியபோதுகூட நான் அப்படித் தடுமாறியதில்லை.

பின் தெருவில் ஒரு மாடி அறை பிடித்திருக்கிறேன். காலையில் அவளுக்குத் தலை வாருவது நான். மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பது அண்ணி. இதற்கே எங்களுக்குள் இரண்டு சண்டை வந்து, அண்ணன் நடுவில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறவர்கள் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவராவது எழுந்து பறக்க மாட்டாரா என்று இருக்கிறது. கூட்டம் வடக்கே கிளம்பிவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்த அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மொட்டை மாடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காக்கைதான் போயிற்று. அந்த ஏக்கம் தீரும் என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்த குளிர்காலத்துக்கு வருவேனா என்று கேட்டிருந்தீர்கள். வருகிறேன் என்று இனி யாருக்கும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இன்னொன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் இது புரியாது. பள்ளி விடும் நேரத்துக்கு நான் வந்து அண்ணி வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வேன். என் பெண் தெருமுனையில் திரும்பும்போது தலைதெறிக்க ஓடி வருவாள். பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். வீட்டு வாசல் கண்ணில் பட்டு, நான் இருக்கிறேன் என்று தெரிந்ததும், ஓடவே இல்லாதது மாதிரி நடந்து வருவாள். என்னைத் தாண்டி உள்ளே போய்விடுவாள். நான் வந்த நாளிலிருந்து தினமும் இப்படித்தான். அவள் எதற்கு ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

நேற்று அவள் ஓடி வரவில்லை, ஐயா. தோழியோடு பேசிக்கொண்டு, நின்று நின்று, வேலியில் ஒரு குச்சியை உரசிக்கொண்டு, முனையிலிருந்தே நடந்து வந்தாள். எனக்கு நேரம் போகவே மாட்டேன் என்றது. பக்கத்தில் வந்து பையை என் மடியில் போட்டுவிட்டு, "பசிக்குது" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோபுரத்து ஆள்